என் அனுமதியின்றி வெளியான செய்தி

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில் எனக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப் போனவள் என்பதால் ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்தது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தேன். நேர்முகத்துக்குப் போன கம்பெனிகளில் நான் நடந்து வருவதைப் பார்த்ததுமே பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. பால்வாடி விட்டதும் பூத்துக்குள் வந்து உட்கார்ந்து, ரிசீவரை வாயில் ஒட்டிக்கொண்டு யாரும் இல்லாத லைனில் பேசிக்கொண்டிருப்பாள். ஒரு மாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்து விடவே இல்லை. கன்னம் ஒட்டியது, கழுத்தில் நெறி கட்டியது. அரசு மருத்துவமனையில் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்றார்கள். குழந்தைகளுக்கு வரும் காசநோய். வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று டாக்டரம்மா கேட்டார். யாரும் இருமவில்லை. பூத்தில் இருமாதவர்கள் யார் என்றுதான் எனக்கு யோசனை போனது. ரிசீவரிலிருந்து ஒட்டியிருக்குமா என்று கேட்டேன்.

"ரிசீவர்ல வராதும்மா, அது காத்துல பரவுறது" என்றார் அவர். தலையாட்டினேன், நம்பவில்லை. அன்று முதல் ஒவ்வொரு ஆள் பேசி வைத்ததும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். லாரிக்காரர்கள் முறைத்தார்கள். "இன்னாமா, நாங்க இன்னா கலீஜா?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

அதனால்தான் அந்தப் பெட்டியைச் செய்தேன். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் போடும் நீலக் குழல் விளக்கு ஒன்றை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் வாங்கினேன். ரிசீவரை உள்ளே வைத்து மூடியைச் சாத்தினால் விளக்கு எரிந்து கிருமியைக் கொல்லும். மூடியைத் திறந்தால் கண்ணில் படாமல் அணைந்துவிடும். என் கணவர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடை போடுகிறவர். தகட்டை வெட்டி வளைத்து எடுத்து வந்து, "இந்தாமே, உன் டப்பா. ஷாக் அடிச்சி செத்துப்பூடாதே" என்று கொடுத்தார்.

எர்ணாவூரிலிருந்து ஒரு செய்தியாளர் வாரம் இரண்டு முறை என் பூத்துக்கு வந்து, தன் சிறிய பத்திரிகைக்கு போனிலேயே செய்தி சொல்வார். பெட்டியைப் பார்த்ததும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. "தங்கச்சி, இத்த போடாம வுடமாட்டேன்" என்றார். நான் வரைபடம் போட்டுக் கொடுத்தேன். எந்தக் கம்பி எங்கே போகிறது, விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது, எல்லாம் சொன்னேன். வரைபடத்தின் ஓரத்தில் கையெழுத்தும் போட்டேன். படம் எடுக்கும்போது பெட்டியைத் திறந்து கேமராவுக்குக் காட்டிச் சிரித்தேன். அரைப் பக்கம் வந்தது. பூத் சுவரில் ஒட்டினேன்.

அதைப் படித்துவிட்டு ஒரு தொழிற்சாலைப் பொறியாளர் தேடி வந்தார். "பேடண்ட் வாங்கிடும்மா. இல்லைன்னா எவனாவது காப்பி அடிச்சிடுவான்" என்றார். பேடண்ட் என்றால் காப்புரிமை என்பதையே அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நூலகத்தில் உட்கார்ந்து படித்து, ஏழு மாதத்தில் மூன்று விண்ணப்பங்கள் நானே எழுதினேன். ஒன்று ரிசீவர் பெட்டி. இரண்டாவது, மின்னலிலும் மின்னழுத்த ஏற்றத்திலும் மோடம் எரியாமல் காக்கும் ஒரு சர்க்யூட். மூன்றாவது, ஒரே டெலிபோன் லைனில் பல கம்ப்யூட்டர்கள் இன்டர்நெட்டைப் பகிர்ந்துகொள்ளும் கருவி. ஆள் போன் பேச எடுத்தால் நெட் தானாக நின்று, வைத்ததும் தொடரும். பெட்டியின் விண்ணப்பத்தோடு, மரியாதையாக இருக்கட்டும் என்று, பத்திரிகை நறுக்கையும் இணைத்தேன்.

மகள் பிழைத்துக்கொண்டாள். மாத்திரை முடிந்து, எடை ஏறி, பள்ளிக்கூடம் போனாள். அதன் பிறகு சில வருடங்களில் மற்றதெல்லாம் கைவிட்டுப் போனது. எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் வந்தது. பூத்தில் பகலெல்லாம் ஃபேன் மட்டும் ஓடியது. பிராட்பேண்ட் வந்ததும் என் லைன் கருவி யாருக்கும் வேண்டாததாயிற்று. சர்க்யூட்டைப் போல ஒன்று ஏற்கெனவே வேறு நாட்டில் இருக்கிறது என்று பதில் வந்தது. மீதி இருந்தது பெட்டி மட்டும். அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்காரர், காப்புரிமை கிடைத்தால் ஆஸ்பத்திரி போன்களுக்குச் செய்து விற்கலாம், எனக்கும் வேலை தரலாம் என்று சொல்லியிருந்தார். இரண்டு வருடம் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்தேன்.

பெட்டியைப் பற்றி, காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஆய்வு அறிக்கை வந்தது. ஒரு கண்டுபிடிப்பு விண்ணப்பிக்கும் முன்பே வெளியாகியிருந்தால் அது புதியது ஆகாதாம். வெளியானதற்குச் சான்றாக நானே இணைத்த நறுக்கைக் காட்டியிருந்தார்கள்.

அன்றைக்கு முதல்முறையாக ஒரு காப்புரிமை முகவரிடம் போனேன். பாரிமுனையில் மூன்றாவது மாடி. படியேறி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போனது. அவர் அறிக்கையைப் படித்து, நறுக்கைத் தனியே எடுத்து வைத்தார். பிறகு, "அவர் உங்களைக் கேக்காம போட்டிருந்தா சட்டத்துல ஒரு வழி இருக்கு. கேக்காமதான் போட்டாரா?" என்றார். நான் அறிக்கையை எடுத்து மடித்தேன். "யோசிச்சுச் சொல்லுங்க" என்று கதவைப் பார்த்தார்.

மறுநாளே எர்ணாவூருக்குப் போனேன். செய்தியாளரின் பத்திரிகை நின்றுபோயிருந்தது. தன் குடியிருப்பு வாசலில் மேசை போட்டு, ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். தட்டச்சு செய்து கொண்டுபோன தாளை நீட்டினேன். "விண்ணப்பதாரரின் அனுமதியின்றி, அவருக்குத் தெரியாமல் இச்செய்தியை வெளியிட்டேன்" என்று அதில் இருந்தது.

இரண்டு முறை படித்தார்.

"நான் திருடிக்கினு போய் போட்ட மாரி கீதே, தங்கச்சி."

"எனக்கு வேற வழி தெரியலை அண்ணா."

"உன்னிய பத்தி எழுதினதுதான் நான் எழுதினதுலயே நல்லது. வூட்ல இன்னும் வச்சிகினு கீறேன்." சொல்லிவிட்டு, மனு எழுதும் அதே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "உனுக்கு ஆவட்டும்" என்றார். அந்த நேரத்தில் தாளைத் திரும்பப் பிடுங்கிக் கிழித்திருக்கலாம். மை காயட்டும் என்று ஊதினேன்.

காப்புரிமை அலுவலகத்தில் விசாரணை நாளில் எதிரே உட்கார்ந்திருந்தவர் என் வயதுள்ள ஒரு பெண் அதிகாரி. என் காலைக் கண்டதும், உட்கார வசதியாக நாற்காலியை இழுத்துப் போட்டார். நறுக்கையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"உங்களைக் கேக்காமதான் போட்டாரா?"

"ஆமா மேடம். கேக்கலை."

அவர் நறுக்கை என் பக்கம் திருப்பினார். பெட்டியைத் திறந்துகாட்டி நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கீழே வரைபடம். வரைபடத்தின் ஓரத்தில் என் கையெழுத்து. அவர் அதன்மேல் விரலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். என்னோடு வந்திருந்த முகவர் ஏதோ சட்டப் பிரிவு பேசினார். என் காதில் விழவில்லை.

"மேடம், எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு" என்றேன். குரல் எனக்கே பிச்சை கேட்பதுபோல் இருந்தது.

"புரியுதும்மா."

"அந்தக் கடிதத்தையாவது திருப்பிக் குடுத்துடுங்க."

"அது ஃபைல்ல சேந்துடுச்சு. எடுக்க முடியாது."

உத்தரவு தபாலில் வந்தது. மறுக்கப்பட்டது. அம்பத்தூர்க்காரருக்கு போன் செய்து சொன்னேன்; "சரிம்மா" என்று வைத்துவிட்டார். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. மகள் தலைமாட்டில் உட்கார்ந்து பாடம் படித்தாள். கணவர் மார்க்கெட்டுக்குப் போகாமல் சோறு வடித்தார். "வுடுமே, போனா போது" என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை அதிகமானது. அவருக்கு அந்தக் கடிதத்தைப் பற்றி நான் சொல்லியிருக்கவில்லை.

நான்காம் நாள் எர்ணாவூருக்குப் போனேன். செய்தியாளர் மனுக்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "கெடச்சிச்சா?" என்றார். உத்தரவைக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததால் திருப்பிக் கொடுத்து, படிக்கச் சொன்னார்.

"அதுல என் பேரு வந்துகீதா?"

"இருக்கு அண்ணா."

"இன்னா போட்டுகிறாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யை ஏற்கெனவே அந்த அலுவலகத்தில் வைத்துவிட்டு வந்திருந்தேன். "செய்தியாளர் எழுதிக் கொடுத்தது நம்பும்படி இல்லைன்னு போட்டிருக்காங்க" என்று தமிழில் சொன்னேன்.

அவர் அந்த வரியை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். மனு எழுத வந்த ஓர் அம்மாள் பின்னால் காத்துக்கொண்டிருந்தாள். "குந்துமா" என்று அவளிடம் சொன்னார். நான் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அந்த அம்மாள் உட்கார்ந்து தன் ரேஷன் கார்டை எடுத்து நீட்ட, அவர் புதிய தாள் ஒன்றை மேசையில் வைத்து, பெயர் என்ன என்று அவளிடம் கேட்க ஆரம்பித்தார்.