கேசட்டில் விழுந்த பதினொரு விநாடி

போன போயா அன்று பெனடிக்ட் வீட்டில் மறுபடி சண்டை.

கைகலப்பு ஒன்றும் இல்லை. லைவ் ஆல்பம் பற்றிய சண்டை. பதுளையிலும் சுற்றுவட்டாரத்திலும் இங்கிலீஷ் ராக் கேட்கிறவர்கள் எத்தனை பேர் இருப்போம்? எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். மாதம் ஒரு முறை, பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறையில், பெனடிக்ட் வீட்டு ஹாலில் கூடுவோம். பிளேன்டீ, வடை, ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர், மூன்று மணி நேரம் வாக்குவாதம்.

ஐந்து பேருக்கும் ஒரே பேண்ட்தான். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் ‘அதைவிட இது மேல்’ என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவீர்கள் – பட்டிருக்கிறேன். ஐம்பது வருடமாக மேடை ஏறிக்கொண்டிருக்கும் இங்கிலாந்துக்காரர்கள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாடகருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகிவிட்டது. ஆனாலும் பாடுகிறார்.

அவர்களுக்கு ஏழு லைவ் ஆல்பம். அதில் எது சிறந்தது?

பெனடிக்ட், மாதா கோயிலில் கீபோர்ட் வாசிப்பவர். எங்களில் மூத்தவர். அவர் கட்சி, கடைசி ஆல்பம். வயதான பிறகு ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து செய்தது.

“ஒரு எடத்துல சுருதி வெலகல, கேட்டுப்பாருங்க. அத்தன வயலினுக்கு நடுவுல அந்தக் கெழவன் பாடுறான்... அனுபவிச்சுப் பாடுறான்யா.”

“அனுபவிக்கலண்ணே. அவனுக்கு மூச்சு வாங்குது” என்றான் யோகராஜ்.

யோகராஜ் என் நண்பன். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். இருபது வயதிலிருந்து எனக்குத் தெரியும். ஒரு கூட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை. ஹல்துமுல்லையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவான். அவன் கட்சி, முதல் ஆல்பம். அவர்கள் இளைஞர்களாக இருந்தபோது ஒரு சின்ன ஹாலில் பதிவு செய்தது.

அவனுடைய வாதம் எப்போதும் ஒரே இடத்தில் போய் நிற்கும். இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. பாட்டு உச்சத்துக்குப் போகிறபோது திடீரென்று எல்லாம் நின்றுவிடும். கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை. பதினொரு விநாடி. பிறகு ஒரே அடியாக எல்லோரும் திரும்ப வருவார்கள்.

“அந்த எடத்துல கூட்டத்தக் கவனிச்சீங்களா? ஆயிரம் பேரு இருக்கான் ஹால்ல. ஒருத்தன் இருமல. ஒரு விசில் இல்ல. அத்தன பேரும் மூச்ச அடக்கிக்கிட்டு நிக்கிறான். எந்த ஆர்கெஸ்ட்ரா வச்சு இதச் செய்வீங்க?”

பெனடிக்ட், “வாசிக்கிறதுதான்யா பாட்டு. நிப்பாட்டுறது என்ன பாட்டு?” என்று முனகுவார்.

ஒன்று கவனித்தீர்களா? இத்தனை வருட வாக்குவாதத்தில் பெனடிக்ட் ஒரு நாளும், ‘அந்த ஆல்பத்தைப் போடுங்கள், கேட்டுப் பார்க்கலாம்’ என்று சொன்னதில்லை. யோகராஜும் கடைசி ஆல்பத்தை முழுசாகக் கேட்டதில்லை. மற்றவன் கட்சியைக் கேட்டுவிட்டால் அப்புறம் எப்படி வாதம் செய்வது? அரசியல்வாதிகள் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்...

சரி. அன்று யோகராஜ் ஒரு புதுச் செய்தியோடு வந்திருந்தான்.

இணையத்தில் அந்த பேண்டுக்கு ஒரு உலக ரசிகர் குழு இருக்கிறது. அதில் அவன் அந்த நிறுத்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறான். அப்படி ஒரு நிறுத்தம் எந்தப் பதிப்பிலும் இல்லை என்று வெளிநாட்டு ரசிகர்கள் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். என் கேசட்டில் இருக்கிறது என்று இவனும் விடவில்லை. கடைசியில் ஹெலன் என்று ஒரு பெண்மணி எழுதினாராம் – ‘அடுத்த வாரம் எல்லவுக்குச் சுற்றுலா வருகிறேன். உங்கள் கேசட்டைக் கேட்கலாமா? நான் அந்தக் கச்சேரியில் இருந்தவள்.’

“அந்த ஹால்ல இருந்த பொம்பள மச்சான்! ஒருவேள நம்ம கேசட்டு யாருக்கும் கெடைக்காத பதிப்பா இருக்கும்” என்று என் தோளைத் தட்டினான். அவன் முகத்தை அப்படி ஒரு பிரகாசத்தோடு நான் பார்த்து வெகுநாளாகிறது.

நான் கையிலிருந்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

ஏனென்றால், அந்த நிறுத்தம் பேண்ட் போட்டது அல்ல. நான் போட்டது.

முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் ஒரிஜினல் கேசட் இருந்தது. ஒரு நாள் இரவல் தந்தார். எங்கள் வீட்டில் வாசலை ஒட்டியே இரண்டு கேசட் போடுகிற செட். யோகராஜுக்காக ஒரு கொப்பி அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டில் வாசலில் தபால்காரர் மணி அடித்தார். அவசரத்தில் ‘போஸ்’ பட்டனை அழுத்திவிட்டு ஓடினேன். பாடுகிற பக்கம் நின்றது. பதிகிற பக்கம் நிற்கவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. கடிதத்தை வாங்கிக்கொண்டு ஓடி வந்து மறுபடி அழுத்தினேன்.

அவ்வளவுதான். ஆயிரம் பேர் மூச்சை அடக்கியது அந்த நேரத்தில்தான்.

மறுபடி பதிந்திருக்கலாமே? உறவினர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ‘நடுவில் கொஞ்சம் விட்டுப்போச்சு’ என்று யோகராஜிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் அடுத்த ஞாயிறு அவன் ஹல்துமுல்லையிலிருந்து பதுளைக்கு வந்ததே அந்த நிறுத்தத்தைப் பற்றிச் சொல்லத்தான்.

“மச்சான், கேட்டியா? நிப்பாட்டுறானுங்க மச்சான்... எல்லாத்தையும் நிப்பாட்டுறானுங்க!”

எப்படிச் சொல்வது? அன்று சொல்லவில்லை. அடுத்த தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம். பத்து வருடம் கழித்து? இருபது வருடம் கழித்து? என்றைக்கு அது சிரிக்க முடியாத விஷயமாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு நாள் இருந்திருக்கத்தான் வேண்டும். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையாகக்கூட இருக்கலாம்.

இப்போது ஹெலன் வருகிறார். அவர் முன்னால் இவன் கேசட்டைப் போடுவான். அவர் சிரிப்பார். இல்லை – சிரிக்காமல் மரியாதையாக இருப்பார். அது இன்னும் மோசம்.

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நான்காம் நாள் பண்டாரவளையில் பஸ் மாறி ஹல்துமுல்லைக்குப் போனேன்.

யோகராஜ் மேசையில் கேசட் பிளேயரைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். எல்லாம் ஹெலனுக்காக.

“வா மச்சான். திடீர்னு என்ன? ஃபோன் பண்ணியிருந்தா சாப்பாட்டுக்குச் சொல்லியிருப்பேனே.”

உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். கேசட், போஸ் பட்டன், தபால்காரர், எல்லாவற்றையும். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும்.

அவன் கத்தவில்லை. துடைத்த பஞ்சை ஒரு காகிதத்தில் மடித்து வைத்தான். ஸ்பிரிட் போத்தலை மூடினான்.

“எத்தன பேருகிட்ட இதச் சொல்லியிருக்கேன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“பெக்டரில சொல்லியிருக்கேன். என் கல்யாணத்துல சொல்லியிருக்கேன். போன வாரம் உலகம் பூரா எழுதி, ஒங்களுக்கெல்லாம் காது இல்லன்னு அவனுகளத் திட்டியிருக்கேன்.”

“தெரியும் யோகு. பாதி நேரம் நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

“ஆமா” என்றான். “பக்கத்துலதான் இருந்தீங்க.”

இருந்தீங்க.

முப்பத்தைந்து வருடமாக ‘வா, போ’தான் எங்களுக்குள். தமிழில் ஒருவனைத் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்த வசவு வார்த்தை எதுவும் தேவையில்லை. மரியாதை கொடுத்தால் போதும்.

“அந்தம்மாவ வரவேணாம்னு சொல்லிறலாமா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? வரச்சொன்னது நான். போவேன். நீங்களும் வாங்க. நீங்களே அவங்ககிட்டச் சொல்லுங்க.”

சனிக்கிழமை எல்லவுக்குப் போனோம். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அவன் முன்னால் போய், மடியில் பிளேயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துகொண்டான்.

ஹெலன் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸில் ஒரு சின்ன கஃபே. எழுபது வயது இருக்கும் அவருக்கு. சேறு படிந்த மலையேறும் சப்பாத்து, கையில் ஒரு ஊன்றுகோல். யோகராஜின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுக்கினார். அவன் என்னைப் பார்த்தான். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னேன். கதை தபால்காரரிடம் வந்தபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு, “பரவாயில்லை. போடுங்கள், கேட்கிறேன்” என்றார்.

யோகராஜ் போட்டான். ஹெலன் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்து மேசைகளில் காலை உணவுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது பாட்டு ஏறிக்கொண்டே போனது... நின்றது.

சொன்னால் நம்பமாட்டீர்கள். எனக்கு அந்த நிறுத்தம் எவ்வளவு நேரம் என்பது விநாடிக் கணக்கில் தெரியும். அது ஏன் வந்தது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நான்தான். ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றேன்.

டிரம்ஸ் திரும்ப வந்தது. ஹெலன் கண்ணைத் திறந்தார்.

“அந்த ஹால் ஒரு நிமிடம்கூட அமைதியாக இருக்கவில்லை. எனக்குப் பின்னால் ஒருவன் முழு நேரமும் கெட்ட வார்த்தை கத்திக்கொண்டிருந்தான். என் தோழி வாந்தி எடுத்தாள். பேண்டும் குடித்திருந்தது. கிட்டார்காரர் இந்தப் பாட்டில் இரண்டு முறை தப்பு விட்டார். ரெக்கார்டில் அந்தத் தப்பு ஒன்றும் இல்லையே, கவனித்தீர்களா? அப்புறம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து திரும்ப வாசித்து ஒட்டினார்கள். கைதட்டலைக்கூட வேறு ஊரிலிருந்து எடுத்துப் போட்டார்கள் என்று பேச்சு. உங்கள் நண்பர் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். அவர்களுக்குப் பணம் கிடைத்தது.”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. லைவ் ஆல்பம் என்பதே பாதி லைவ் இல்லை. எல்லோரும் எதையோ வெட்டி, எதையோ ஒட்டித்தான் நமக்குத் தருகிறார்கள். அப்படியென்றால் என் குற்றம் அத்தனை பெரியது இல்லையே? சொல்லப்போனால்...

யோகராஜ் தமிழில் என்னிடம் சொன்னான்:

“அவனுக செஞ்சது வேற. அவனுக யாரும் எனக்குக் கூட்டாளி இல்ல.”

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டார் ஹெலன்.

மொழிபெயர்க்க அங்கே என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. நானே மொழிபெயர்த்தேன்.

“அவர் சொல்வது நியாயம்” என்றார் ஹெலன்.

அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். எந்த ஆல்பத்தில் எந்தப் பாட்டு என்று கை ஆட்டி, மேசையில் தாளம் போட்டு, பாதி ஆங்கிலம் பாதி சைகை. நான் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை எங்கள் ஃபோன் குரூப்பில் யோகராஜ் எழுதினான். ‘அந்த நிறுத்தம் பேண்ட் செய்தது இல்லை. கொப்பி அடிக்கும்போது கேசட்டில் விழுந்த பிழை. இவ்வளவு நாள் நான் பேசியது தவறு. மன்னிக்கவும்.’

கொப்பி அடித்தது யார் என்று எழுதவில்லை. இரண்டு முறை படித்தேன். என் பெயர் எங்கேயும் இல்லை.

பெனடிக்ட் கும்மாளம் போடுவார் என்று நினைத்தேன். மூன்று மணி நேரம் கழித்து எழுதினார்: ‘யோகு, உண்மையச் சொல்றேன். அந்த ஆல்பத்த நான் முழுசா ஒரு தடவகூடக் கேட்டதில்ல. அடுத்த போயாவுக்கு அந்தக் கேசட்டக் கொண்டு வா. பிழையோட கேட்போம்.’

கொப்பி அடித்தது நான்தான் என்று அதன் கீழேயே நானும் எழுதினேன். எழுதாமல் இருந்திருந்தால் இந்தப் பத்தியை உங்களுக்கு எழுதுகிற தைரியம் வந்திருக்காது. யாரும் திட்டவில்லை. ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். யோகராஜ் ஒன்றும் போடவில்லை.

பத்து நாள் அவனிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. நான் இரண்டு முறை ஃபோன் பண்ணினேன். “சொல்லுங்க” என்றான். “சரிங்க” என்றான். வைத்துவிட்டான்.

நேற்று அவனே ஃபோன் பண்ணினான். ஹெலன் ஊருக்குப் போய் அந்த ஆல்பத்தின் சரியான பதிப்பை அனுப்பியிருக்கிறாராம். மூன்றாவது பாட்டை முதல் தடவையாக நிற்காமல் கேட்டிருக்கிறான்.

“எப்பிடி இருக்கு?” என்று பயந்துகொண்டே கேட்டேன்.

“ஓடுறானுங்க. பஸ்ஸப் புடிக்கப் போற மாதிரி ஓடுறானுங்க. அந்த எடத்துல நிப்பாட்டியிருக்கணும். அவனுகளுக்குத் தெரியல.”

அவனைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, அப்படியானால் பெனடிக்ட் சொல்கிற கடைசி ஆல்பம்தான் நல்லது போலிருக்கிறது என்றேன்.

“கடைசி ஆல்பமா? ஒனக்குக் காது இருக்கா, இல்லையா?”

நான் மூச்சு விடவில்லை. ஏதாவது பேசப்போய், அவன் ‘ஒங்களுக்கு’ என்று திருத்திக்கொண்டால் என்ன செய்வது?