சவரி அண்ணனிடம் அம்மா கேட்டது

சவரி அண்ணன் இறந்துவிட்டார். காலையில் அவர் மகள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தாள்... மாரடைப்பாம்.

தீவுக்கு எதிர்க்கரையில், பெருநிலப் பக்கம், எங்கள் தோட்டத்துக்கு அருகில் இருக்கிற ரயில் ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரன் காலத்து ஸ்டேஷன். இன்றைக்கும் ஃபேக்டரி வேலைக்குப் போகிறவர்கள் அங்கேதான் ரயில் ஏறுகிறார்கள்.

மேம்பாலம் கட்டிய பிறகும் நாங்கள் யாரும் படி ஏறியதில்லை. தண்டவாளத்தில் இறங்கி எதிர்ப் பிளாட்ஃபாரத்துக்கு ஓடுவோம். அப்படியே பழகிவிட்டோம்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் இறங்கிய ஒருநாள், எல்லார் முன்னாலும் மேம்பாலத்தைக் காட்டிக் கத்தினார். "ஏய் பொண்ணு! ஜம்பத்தான் சும்மாவா கட்டி வச்சிருக்கான்? படியில ஏறு லா!"

கொஞ்ச நாள் அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுக்குக் காதுதான் கணக்கு. டீசல் ரயில் தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும். சத்தம் இல்லையென்றால் ரயில் இல்லை. மின்சார ரயில் அப்படி வருவதில்லை...

என் தம்பி ரவியும் காதை நம்பித்தான் இறங்கினான்.

நானும் அம்மாவும் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது சவரி அண்ணன் தன் மழைக்கோட்டை அவன்மேல் போர்த்தியிருந்தார். பக்கத்திலேயே சரளைக்கல்லில் உட்கார்ந்திருந்தார். ஃபோனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க வந்தவர்களை அவர் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அம்மாவைக் கிட்டே விடவில்லை. "வேணாம்கா. பாக்காதீங்க."

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வலிச்சிருக்குமா தம்பி?"

"இல்லக்கா. ஒடனே போயிட்டான்."

ரிட்டையர் ஆகி தீவில் டத்தோ கிராமாட்டில் இருக்கும் மகள் வீட்டோடு போன பிறகும் கிறிஸ்துமஸ் தவறாமல் வருவார். கேக்கைத் தூக்கிக்கொண்டு ஃபெரி ஏறி, அப்புறம் ரயில் ஏறி, எங்கள் அம்மாவைப் பார்க்க.

கேக்கை வாங்கி வைத்ததும் அம்மா அதே கேள்வியைக் கேட்பார். அவரும் அதே பதிலைச் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும்... நல்ல நாளில் மனுஷரை நிம்மதியாகச் சாப்பிட விடக் கூடாதா?

இன்றைக்குச் செய்தியைச் சொன்னேன்.

"ரவி ஒடனே போகலடி" என்றார் அம்மா.

நான் ஃபோனைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கு சவரித் தம்பி கையப் பாத்தேன். மணிக்கட்டு பூரா நகம் பதிஞ்சு ரத்தம். நம்ம புள்ள புடிச்சிருக்கான்."

"தெரிஞ்சுமா வருஷா வருஷம் கேட்டீங்க?"

"அவரு 'இல்லக்கா'ன்னு சொல்றத கேக்கணும் போல இருக்கும் லா. இனி நான் யாருகிட்ட போய்க் கேப்பேன்?"

அழுதது நான்தான். அம்மா சேலை மாற்ற எழுந்துபோனார்.

இப்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டு டத்தோ கிராமாட் போய்க்கொண்டிருக்கிறேன். ரயிலில்தான்...

சவரி அண்ணே, என் தம்பி கையை நீங்கள் விடவில்லை. நல்லபடியாகப் போங்கள்.