படம் என்று மட்டும் சொன்ன கைப்பேசி

கல்முனைக் கரையோர ஊர்களின் செய்திகளைப் போடும் ஓர் இணையத்தளத்தை நான் நடத்துகிறேன். அதில் ஆட்கள் தேடி வந்து பார்ப்பது அரசியலுமில்லை, கிரிக்கெட்டுமில்லை. ஜனாஸா அறிவித்தல்தான். காலையில் ஒருவர் மௌத்தானால் பின்னேர அசர் தொழுகைக்கு அடக்கிவிடுவோம், அதனால் அறிவித்தல் உடனே வந்தாக வேண்டும். கறுப்புப் பின்னணி, ஓரத்தில் ரோஜாப்பூ, வளைந்து நெளிந்த எழுத்து என்று அச்சகத்துப் பிள்ளைகள் அழகாகப் படம் செய்து அனுப்புவார்கள். மௌத்துக்குச் செய்யும் மரியாதை அது.

என் மாமியின் மகன், எனக்கு மச்சான், என் வயதுக்காரன். கண் நரம்பில் வந்த வருத்தத்தில் பார்வை போவதற்கு முன்பு மீன் லொறி ஓட்டினான். இப்போது திரையில் இருக்கும் எழுத்தைக் கைப்பேசியை வாசிக்கவிட்டுக் கேட்கிறான். ஊர்க்கதை ஒன்றையும் விடமாட்டான்.

ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு அழைப்பு எடுத்தான். சாய்ந்தமருதில் அவனோடு சேர்ந்து மீன் வியாபாரம் செய்த கூட்டாளியை அன்று அடக்கியிருந்தார்கள். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்ததில் ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

"காலையில இருந்து உன்ட பக்கத்தத்தான் துறந்து வெச்சிருந்தன். படம் எண்டு சொல்லுது. மறுகாவும் படம். மறுகாவும் படம். எந்தப் படத்துக்குள்ள அவன் கிடந்தான் எண்டு எனக்கு எப்பிடிடா தெரியும்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, சொல்லப்போனால், ஆவல் ஒன்றும் கிளம்பிவிட்டது. என் பக்கம் அவன் காதில் எப்படித்தான் கேட்கிறது?

மறுநாள் அவன் வீட்டுக்குப் போய்க் கைப்பேசியை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் குரல் ஓடிய ஓட்டத்தில் ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. மச்சான் சிரித்தான். "காது மந்தமாடா உனக்கு?" என்று வேகத்தைக் குறைத்துத் தந்தான். டைல்ஸ் கடை விளம்பரம் வந்தது. அடுத்துக் கட்டில், மேசை விற்கும் தளபாடக் கடை. அதற்குப் பிறகு "படம்". நானே கட்டிய வீட்டில் வாசல் எங்கே என்று தெரியாமல் நின்றேன்.

இனிப் படத்தோடு எழுத்தையும் தனியாகத் தாருங்கள் என்று அச்சகத்தில் கேட்டேன். தந்தார்கள், அப்படியே ஒட்டினேன். திரையில் நல்ல தமிழ். பத்து நிமிடத்தில் மச்சான் அழைத்தான்.

"குஸ்க் எண்டு ஒண்டு சொல்லுது. அது என்ன, புது ஊரா?"

அவர்கள் தட்டுவது பழைய அச்சக எழுத்தில். பார்ப்பதற்குத் தமிழ், உள்ளே கிடப்பதோ ஆங்கில எழுத்துகள். மரணம் என்று நான் வாசித்ததைத்தான் அவனுடைய கைப்பேசி குஸ்க் என்று வாசித்திருக்கிறது. இத்தனை வருடம் இந்த வேலை செய்தும் இது எனக்குத் தோன்றியதே இல்லை. எழுத்தை யுனிகோட்டுக்கு மாற்றிவிட்டு, மச்சானையே கேட்கச் சொன்னேன்.

"இப்ப ஓம், விளங்குது. ஆனா பேரை முதல்ல போடு. மறுகா எந்த ஊர், எந்தப் பள்ளிவாசல், எத்தின மணிக்கு. டைல்ஸைக் கடைசியில வெய். மௌத்தான ஆளைத் தேடிப்போற நேரம் எனக்கு என்னத்துக்குடா டைல்ஸ்?"

டைல்ஸ் கடைக்காரர் முகத்தைச் சுழித்தார். காரணத்தைச் சொன்னதும் சம்மதித்துவிட்டார். ஆழ்கடலுக்குப் போகும் தோணிக்காரர்கள், சிக்னல் குறைந்த இடத்தில் படம் வராவிட்டாலும் எழுத்து வருகிறது என்று சொன்னார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

சில கிழமைகள் கழித்து, சந்தைக்கு ஐஸ் கொடுத்து வந்த ஒருவர் மௌத்தானார். மச்சானைக் கூட்டிப்போக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. ஆட்டோ பிடித்துப் போய்விட்டான் என்று மாமி சொன்னார். நான் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் கபுறடியில் ஈர மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் இரக்கத்தோடு அவன் தோளைத் தொட்டார்.

"ஆரு, மகன், உங்களுக்குச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நானேதான் வாசிச்ச."