முதல் டம்ளர் காலியாகும் வரை

நேற்றைய காபித்தூள் அப்பிக்கிடந்த வடிகட்டியைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர். ஊரில் இருக்கிற லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்க்கிற மனிதர். வீட்டில் அவர் பொறுப்பில் விடப்பட்டிருப்பது இந்த வடிகட்டி ஒன்றுதான். உள்ளே கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்த மனைவிக்குக் காபி போய்ச் சேர்வதற்குள் யாரும் அவளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது. அதில் அவர் கண்ணும் கருத்துமாக இருப்பார்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பகல் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று இருக்கும் பிரேக்கை மிதித்து மிதித்து, தன்னைக் கொல்வதற்கென்றே சேர்ந்தவர்களிடமிருந்து தப்பித்து வீடு திரும்புவதுதான் தொழில். பஸ்ஸுக்கு நேரே வண்டியை விடுகிறவரிடம்கூட, "பரவாயில்ல சார், கொஞ்சம் லெஃப்ட்ல வாங்க" என்று தேனொழுகப் பேசுவாள். இப்படியொரு பொறுமையா என்று ஊரே வியக்கும். காபி உள்ளே போன பிறகு மட்டுமே அவளைப் பார்த்தவர்கள், பாவம்.

காலையில் காபி குடித்தால் இதயத்துக்கு நல்லது, ஈரலுக்கு நல்லது என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். குடிக்கிறவருக்கு என்ன நல்லது என்பதை டாக்டர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இந்த வீட்டில் அவள் குடித்ததால் மற்றவர்கள் அடைந்த நன்மைதான் அதிகம். கல்யாணமான புதிதில், வந்து தங்கியிருந்த மாமியார் விடிந்ததும் விடியாததுமாக, "நல்லாத் தூங்கினியாம்மா?" என்று ஆசையாகக் கேட்டுவிட்டார். "நீங்க விட்ட குறட்டைக்குப் பொணம்கூட எழுந்து உக்காந்திருக்கும்" என்று பதில் வந்தது. மாமியார் பெட்டியைக் கட்டத் தொடங்கியதும், மகன் அங்கேயே நின்று ஓர் அவசரச் சட்டம் போட்டார்: முதல் டம்ளர் காலியாகும் வரை இவள் சொல்வது எதுவும் செல்லாது.

சட்டம் நிலைத்துவிட்டது. அதன் தயவில் அவர் காலைதோறும் அவள் வாயில் எருமையாகவும் உருளைக்கிழங்கு மூட்டையாகவும் இருந்துவிட்டு, டம்ளர் காலியானதும் மனிதராகத் திரும்பிவிடுவார். மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது மதிப்பெண் அட்டையைக் காபிக்கு முன்னால் நீட்டி, அம்மா அதைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்து வாங்கிவிடுவாள். காபிக்குப் பிறகு கையெழுத்து ரத்தாகும். தேனொழுகப் பேசிக்கொண்டே முதுகில் இரண்டு வைப்பாள்.

அந்த மகள் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வெளியூரில் திறக்கப்போகும் கிளையை அவளே நடத்தலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். வருகிறாளா இல்லையா என்பதை அன்று கடை திறக்கும்போது சொல்லியாக வேண்டும். அவளுக்குப் போக ஆசைதான். ஆனால் அம்மா என்ன நினைக்கிறாள் என்று தெரியாமல் கால் எழவில்லை. ஒரு வாரமாகக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். சாப்பிடும்போது கேட்டால் "உன் இஷ்டம்." துணி மடிக்கும்போது கேட்டால் "உன் இஷ்டம்." பஸ்ஸில் இடிக்கப் போனவரிடம் பேசுகிற அதே தேன்குரல். அதை நம்பி எந்தப் பெண் பெட்டி கட்டுவாள்?

அம்மா மனதில் இருப்பது வாய்க்கு வருவது காபிக்கு முன்னால்தான். எனவே மகள் உடுத்திக் கிளம்பி, கைப்பையும் கையுமாகக் கட்டில் பக்கத்தில் போய் நின்றாள். சமையலறையிலிருந்து அப்பா, வேண்டாம் வேண்டாம் என்று கரண்டியை ஆட்டிப் பார்த்தார். பால் பொங்குகிற நேரம். அவரால் இடத்தைவிட்டு நகர முடியவில்லை.

"அம்மா, நான் போகட்டுமா?"

முடி நாலா பக்கமும் பறக்க, அவள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போகாத. நீ போயிட்டா நான் யாரோடடி சண்டை போடறது? உங்கப்பா திட்டினாலும் திருப்பித் திட்டமாட்டாரு. சுவத்துல தலைய முட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்."

சுவர், காபியோடு ஓடி வந்தது. ஆற்றக்கூட நேரமில்லாமல் கொண்டுவந்ததில் பாதி அவர் கைமேலேயே சிந்தியிருந்தது. அவள் வாங்கி, சுடச்சுட மடக்கு மடக்காக விழுங்கினாள். ஒவ்வொரு மடக்குக்கும் கார் பழக்குகிறவள் அவளுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டே வந்தாள். கடைசி மடக்கு இறங்கியதும் முடியை அள்ளி முடிந்துகொண்டாள். குரலில் தேன் வந்துவிட்டது.

"சரின்னு போய்ச் சொல்லும்மா. நல்ல வேலை, விடக் கூடாது. முன்னாடி என்னவோ உளறினேன், அதெல்லாம் செல்லாது. தெரியுமில்ல?"

"தெரியும். சரின்னே சொல்லிடறேன்." மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அறை வாசல்வரை போய்த் திரும்பினாள். "ஏம்மா, நாளைக்கும் காபிக்கு முன்னாடி கேட்டா என்ன சொல்லுவ?"

அம்மா டம்ளரை அண்ணாந்து கவிழ்த்தாள். அதில் ஒரு சொட்டும் இல்லை. இருந்தும் நெடுநேரம் குடித்தாள். மகள் சற்று நின்று பார்த்துவிட்டுப் போனாள்.