கெத்சமனியில் ஒரு பூவரசு

எங்கள் இராயபுரத்துக் கோயிலின் பின்புறம் ஒரு கெத்சமனித் தோட்டம் உண்டு. சிலுவைப்பாடுகளுக்கு முந்திய இரவில் இயேசு மன்றாடிய தோட்டத்தின் நினைவாக அமைந்தது. கடலரிப்பைத் தடுக்க வந்த பாறைகளுள் ஒன்று மிஞ்சியது. துறைமுகத்தில் பணிபுரிந்த பங்குமக்கள் அதனைக் கொணர்ந்து இறக்கினர். அதன்மேல் கைகூப்பிய சுதை உருவம் எழுந்தது. அருகே உறங்கும் சீடர் மூவர். வரலாறு இவ்வளவே. ஆயினும், தவக்காலத்தில் வெளியூர்த் திருப்பயணிகளின் பேருந்துகள் வரத் தொடங்கியதும், இவ்வளவு வரலாறு போதாதென்று கோயிலை நடத்தும் பங்குப் பேரவைக்குத் தோன்றியது. ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்பதால் தலவரலாறு எழுதும் பணி என்மேல் விழுந்தது.

"மயிலாப்பூர் வரிக்கும் வந்த அப்போஸ்தலரு, இங்க ஒரு எட்டு வந்திருக்க மாட்டாரா வாத்தியாரே?" என்றார் பேரவைச் செயலர். இரயில்வேயில் பணியாற்றியவர், எவரையும் எந்த நிலையத்திலும் இறக்கிவிட வல்லவர்.

அதனினும் பெரிய இடர் ஒன்றிருந்தது. சுதை உருவத்திற்கு நிழல் தந்தது பூவரசு. மறைநூலின் கெத்சமனியோ ஒலிவத் தோப்பு; அதில் பூவரசு இல்லை. ஆகவே அதனை வெட்டி, ஒலிவக் கன்று நடுவதென முடிவாயிற்று. அம்மரம் மதிலுக்கு அப்பால் விரித்த நிழலில்தான், காசிமேட்டு ஏலத்தில் எடுத்த மீனை ஒரு கைம்பெண் விற்றுவந்தாள்.

"மரம் பூட்ச்சின்னா வெயில்ல மீனு கெட்டுப்பூடும் வாத்தியாரே. அந்தக் கன்னு வளந்து நெழலு குடுக்கசொல்லோ நா கல்லறைல இருப்பேன். இன்னாத்தயாவது எழுதி நிறுத்துபா."

எழுதினேன். தோட்டத்தின் சிறப்பு மரத்தில் இல்லை, மன்றாட்டில் உள்ளதென்று நான்கு பக்கம் விளக்கினேன். பேரவை என் நடையைப் பாராட்டியது. பிறகு மரம் வெட்டும் நாளைக் குறித்தது.

அந்நாளில் முதற்கிளை விழுந்த வேளையிலேயே திருப்பயணிகளின் பேருந்தும் வந்து நின்றது. கெத்சமனியில் நிற்கும் மரம் ஒலிவமன்றி வேறென்ன? இறங்கியவர்கள் ஓடிச்சென்று இலைகளைப் பொறுக்கி, மன்றாட்டு நூல்களுக்குள் பொதிந்தனர். இதய வடிவில் ஒலிவ இலை உண்டோ என எவரும் ஐயுறவில்லை. முதியவர் ஒருவர் செயலரை மறித்தார்.

"ஆண்டவர் தோட்டத்து மரத்தையா வெட்டுறீங்க? நல்லா இருப்பீங்களா?"

மதிலுக்கு மேலே மீன்காரியின் தலை எழுந்தது.

"வெட்டலபா! உங்களுக்கு எல குடுக்கத்தான் ஒரு கெளய எறக்கச் சொன்னாரு. இன்னா நைனா, அப்டித்தான?"

செயலர் பணிவோடு தலையசைத்தார். கோடரி திரும்பிப் போயிற்று. அன்று மாலையே பேரவை கூடி, மரம் மிகத் தொன்மையானதென ஒருமனதாகத் தீர்மானித்தது. சான்று தேடும் பொறுப்பை எனக்களித்தது.

வெட்டுண்ட கிளையிருந்த பக்கம் வெயில் விழுந்தது. அவள் கூடையை ஒரு முழம் நகர்த்திக்கொண்டாள்.