கொட்டாஞ்சேனையில் ஒரு மரப்பிடி

பியர் குழாய் கழுவுகிறவனுக்கு எந்த பாரும் காலையில்தான் கதவு திறக்கும். வெறியில் இருக்கும் ஆளை அவன் காண்பதில்லை, நேற்றைய வெறியின் மணம்தான் அவனுக்கு மிச்சம்.

லண்டனில் இந்த வேலையைப் பழகி, சண்டை ஓயாத காலத்திலேயே கொழும்புக்குத் திரும்பியவன் நான். பெட்டி நிறையக் கொண்டுவந்தது பிடிகள். பியர் குழாயின் தலையில், இழுத்து ஊற்றுவதற்காக நிற்குமே, அவைதான். ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு பிடி. தபால் முத்திரையோ தீப்பெட்டியோ சேர்த்து வீட்டில் ஏச்சு வாங்கியவர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

நான் ஏங்கியது ஒன்றுக்காக. மலையகத்துச் சிற்றாலை ஒன்றின் மரப்பிடி. கொழும்பில் அது ஒரேயொரு பாருக்குத்தான் கொடுக்கப்பட்டது: கொட்டாஞ்சேனை ஸ்டானி அண்ணனின் பாருக்கு. அந்த பியர் திறந்து ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், தாண்டினால் புளிக்கும். ஆகவே கிழமைக்குள் பீப்பாயை முடிக்காத பாருக்கு மறு பீப்பாய் இல்லை, பிடியும் கழற்றப்படும். கழற்றுவது என் வேலை. கழற்றியதை ஆலை திருப்பிக் கேட்பதில்லை.

வெள்ளவத்தைச் சுவர்

வெள்ளவத்தையில் நான் இருந்த மாடிக்குக் கீழே வீட்டுக்காரி பரமேஸ்வரி அக்கா. குளியலறை ஒழுகுகிறது என்று பார்க்க வந்தவர், கூடத்துச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். சுவர் முழுக்கப் பிடிகள்: பித்தளை, பீங்கான், மான்தலை, மீன்வால்.

"இதென்ன தம்பி, ஆமி செக்கிங் வந்தா என்னெண்டு சொல்லுறது?" என்றார். பியர் குழாய்ப் பிடி என்று விளக்கினேன். ஒவ்வொன்றையும் எந்த ஊரில், எந்த ஆலையில் வாங்கினேன் என்றும் சொன்னேன். கை கட்டியபடி கடைசிவரை கேட்டார்.

"குடிச்சதை ஒளிக்கிற ஆம்பிளையளைத்தான் எனக்குத் தெரியும். சாட்சிக்கு ஆணி அடிச்சுச் சுவரில கொழுவிறவரை இப்பத்தான் காணுறன்."

மரத்தொட்டிகள்

ஸ்டானி அண்ணனின் பிடியை எடுத்துவர ஆலைக்குப் போனது நான்தான். லண்டனில் நான் பார்த்த ஆலைகளெல்லாம் உருக்குத் தொட்டிகள். ஆஸ்பத்திரிபோலத் துடைத்து வைத்திருப்பார்கள். இங்கே ஆளுயரத்துக்கும் மேலே மரத்தொட்டிகள், மேல் திறந்தபடி. ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தேன். நுரை மலைமுகில்போலத் திரண்டு மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. காது கொடுத்தால் ஒரு சீறல், நித்திரைக் குழந்தையின் மூச்சுமாதிரி. தொட்டியில் பலகை மாற்றும்போது கழித்த பலகையில்தான் பிடி செதுக்குவார்களாம். நான் வாங்கப்போகும் பிடி எத்தனையோ வருஷம் இந்த மூச்சுக்குள்ளே நின்ற மரம்!

வாய் பூட்டாமல் ஏதோ கேட்டுக்கொண்டே போனேன். ஆலைப் பொறுப்பாளர் பண்டார, கோயிலுக்குள் சத்தம் போட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்து, மெதுவாகக் கதைக்கும்படி சிங்களத்தில் சொன்னார்.

"ஹெமின் கதா கரன்ன, மஹத்தயா."

மருதானைச் சோதனை

பிடியோடு மருதானையில் ரயிலால் இறங்கி வெளியே வந்தால் சோதனை. பையில் ஸ்பேனர், காற்றழுத்தமானி, ரப்பர்க் குழாய், கடுதாசியில் சுற்றிய ஒரு மரத்தடி. அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயர். இதற்குமேல் என்ன வேண்டும்? ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார்கள்.

எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டி, இது பியர் ஊற்றுகிற பிடி என்றேன். சின்ன வயது இராணுவச் சிப்பாய். பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், முகர்ந்தான், இரண்டு தரம் இழுத்தும் பார்த்தான். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினான். பிடி இருக்கிறது, பியர் எங்கே என்பது அவனுடைய நியாயமான சந்தேகம்.

"மிட தியனவா. பியர் கோ, அய்யே?"

ஸ்டானி அண்ணன்

பிடியைப் பூட்டிய அன்று, கடைக்குத் தீர்த்தம் தெளிக்க வந்த ஃபாதரிடம் குழாய்க்கும் ஒரு துளி கேட்டு வாங்கினார் ஸ்டானி அண்ணன். துறைமுகத்து ஆட்களும் கிளார்க்மாரும் வந்து குடித்தார்கள். பீப்பாய் கிழமைக்குள் முடிந்துகொண்டே வந்தது. முன்பிருந்த பார் கைவிட்டுப் போய் இரண்டாம் தரம் தொடங்கிய மனிதர்; இந்த பியருக்காகவே ஆட்கள் தேடி வந்தார்கள். பிடி போனால் அவர்களும் போவார்கள்.

பிறகு ஒரு நாள், புதுப் பீப்பாய் திறந்த மறுநாளே, துறைமுகப் பாதுகாப்புக்கென்று பாருக்கு முன்னாலிருந்த வீதியை மறித்துவிட்டார்கள். அந்தக் கிழமையில் பௌர்ணமிப் போயாவும் வந்தது. அன்று நாடெங்கும் பார் பூட்டு. நடுக்கிழமையில் குழாய் பார்க்கப் போனேன். கதிரைகள் வெறுமை. பீப்பாயைத் தட்டினேன், நிறைந்த சத்தம். அனுதாபமாக ஏதோ சொன்னேன். அவர் சிரித்தார்.

"கதையை விடும் ஐசே. உம்மட கண் பீப்பாயில இல்ல, பிடியிலதான்."

திங்கட்கிழமை

கெடு முடிந்தது. ஸ்பேனரோடு போனேன். மறித்த வீதியால் போக முடியாமல் சுற்றி அடுத்த தெருவுக்கு வந்தால், நசீர் ஹாஜியாரின் ஹார்ட்வேர் கடை. அதன் பின்கதவு ஸ்டானி அண்ணனின் முற்றத்தில் திறக்கும். பெயின்ற் வாளிகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவே ஓர் ஆள் போக வழி விட்டிருந்தது. அந்த வழியால் ஒரு பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தார் ஸ்டானி அண்ணன். தட்டினேன். வெறும் பீப்பாய்!

வெள்ளி பின்னேரத்திலிருந்து ஆட்கள் அந்தக் கடைக்குள்ளால்தான் வந்தார்களாம். ஞாயிறு பூசை முடிய, குடிக்காதவர்கூட ஒரு கிளாசுக்குச் சொல்லி, பக்கத்து ஆளிடம் நீட்டியிருக்கிறார். ஸ்பேனரைப் பைக்குள் வைத்தேன். தலைமுறைகளாக இந்த வாடையையே அண்டாத குடும்பத்து மனிதர், குடிகாரர் கூட்டத்தை ஆணிப் பெட்டிகளுக்கு நடுவால் விட்டிருக்கிறாரே என்று வாயைப் பிளந்தபடி ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்.

"நான் குடிக்கிற இல்ல தம்பி. அதுக்காக ஆக்கள்ட வழிய மறிக்கிறதும் இல்ல."

சேர்க்கிற பைத்தியம் பிடித்த சகோதரர்களே, கையில் கிடைக்காத ஒன்றைத் தன் சேகரிப்பிலேயே சிறந்தது என்று சொல்லித் திரிகிற ஒருவனை எங்காவது கண்டால், இரக்கப்பட்டு அவனுக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுங்கள்.