ஆணி அடித்த ஜன்னல்

என் மதினியின் மூச்சைக் கெடுத்தவன் நான்தான். பிறவியிலேயே சளி உடம்பு என்று ஊர் பேசிக்கொள்கிறது. நம்பாதீர்கள்... நான்!

திண்டுக்கல்லில் எங்கள் கடையில் பிரியாணி சாப்பிட்டிருப்பீர்கள். "கைப்பக்குவம்னா இதுய்யா!" என்று கல்லாவில் இருந்த என்னைப் பாராட்டியிருப்பீர்கள். நானும் வெட்கமில்லாமல் பல்லிளித்திருப்பேன். அந்தக் கை என்னுடையதல்ல. அண்ணன் இறந்த நாளிலிருந்து பின்கட்டில் விறகு அடுப்பின் முன் நின்ற பிலோமினா மதினியின் கை அது.

எப்பேர்ப்பட்ட கை! மூடியைத் திறக்கவே மாட்டார். அண்டா விளிம்பில் கசியும் ஆவியை மோந்தே பதம் சொல்லிவிடுவார். ஒருநாள்கூடத் தவறியதில்லை. சீரகச் சம்பா குழையாது, உடையாது. மூன்று அண்டாவையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு, நடுவில் என்னைக் கேலியும் செய்வார். நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது எனக்கு.

தம் போடும்போது மூடிமேல் நெருப்புக் கங்கு பரப்புவோம். ஜன்னல் காற்று அடித்தால் கங்கு ஒருபக்கமாகக் கனன்று, அந்தப் பக்கத்துச் சோறு காய்ந்துபோகும். அதனால் ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்.

"புகை அடைக்குது தம்பி. செத்த நேரம் தெறந்துக்கிறவா?"

"காத்து அடிச்சா தம் கெட்டுரும் மதினி."

மறுநாளே ஜன்னலில் ஆணி அடித்தேன்... என் கையால்! சோற்றுக்குப் பதறியவன் ஆளுக்கு ஏன் பதறவில்லை?

வருடங்கள் போயின. இருமல் வந்தது. நான்கு படி ஏறினால் மதினிக்கு மூச்சு இளைத்தது. "வெறகு அடுப்பாம்மா?" என்று டாக்டர் கேட்டார். மதினி என்னைப் பார்த்தார். "வீட்ல கேஸுதான் சார்" என்றேன். வீட்டில் கேஸ்தான், கடையைப் பற்றி அவர் கேட்கவில்லையே! அடுப்பை விடச் சொல்லிவிட்டால் கடை என்னாவது என்ற பயம் எனக்கு. சளி மருந்து எழுதிக் கொடுத்தார். இரண்டு வருடம் அதைக் குடித்துக்கொண்டே மதினி அதே புகையில் நின்றார்.

போன மாதம் வேறொரு டாக்டர், ஒரு குழாயில் ஊதச் சொன்னார். ஈர விறகையே ஊதி எரியவைத்தவரால் அதை ஊத முடியவில்லை. நாள்பட்ட நுரையீரல் நோய் என்றார். கெட்டது திரும்பாது, இனிமேல் கெடாமல்தான் காக்கலாமாம்.

"பொகையில நிக்கிறீங்களாம்மா?"

சொல்லிவிட வாயைத் திறந்தேன். மதினி என் கையை அழுத்தினார்.

"வீட்ல கேஸுதான் சார். தம்பி வாங்கிக் குடுத்தது."

என் பொய்யை எனக்காகச் சொன்னார்! நான்... மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அடுப்படியில் வேறு ஆள். நேற்று ஆணிகளைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தேன். கதவு நிலையைப் பிடித்தபடி மதினி வந்து நின்றார்.

"சாத்துங்க தம்பி... காத்து அடிச்சா... தம் கெட்டுரும்."

நான் சொல்லிக்கொடுத்த சொல். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.